இரண்டு குடம் தண்ணீர்



இந்தியாவிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு ஆசை ஆசையாய்ப் போய், மனத்தாங்கலோடு திரும்பி வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? "நாலு பெட்டி சாமான் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு நல்ல தட்டில் சோறு போட அவர்களுக்கு மனம் வரவில்லை" என்று குறைப்பட்டவர்களை நான் அறிவேன். நானும் ஓர் இரவு முழுக்க அப்படி எண்ணிப் புழுங்கியவள்தான். மறுநாள் விடியுமுன்னே அந்த எண்ணம் உடைந்துபோன கதையை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் தகப்பனார் 1937-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தார். அவருக்கு ஒரே தம்பி. அந்தச் சித்தப்பா ஊரிலேயே தங்கி வளர்ந்து, பிறகு சென்னைக்குப் போனார். பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. பக்கத்திலேயே, வில்லிவாக்கத்தில், சிறியதாக ஒரு வீடும் கட்டிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் பிரிந்த பிறகு ஒரே ஒரு முறைதான் நேரில் சந்தித்தார்கள். மற்றதெல்லாம் கடிதத்தில்தான். இன்று இருவருமே இல்லை.

சித்தப்பாவின் மூத்த மகள் என்னைவிட மூன்று வயது பெரியவர். "ஒரு தடவையாவது வந்து நம் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டுப் போம்மா" என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளைகளைக் கரையேற்றி, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு நேரம் வாய்த்தது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் வாரத்தில் புறப்பட்டேன். அப்பா ஒரு வாரத்துக்கு மேல் கப்பலில் கிடந்து கடந்த கடலை, நான் நாலு மணி நேரத்தில் கடந்துவிட்டேன்.

சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் என்று இங்கே தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். ஆனால் தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு, அந்த வீட்டுக்குள் நுழைவது வேறு அல்லவா? போனது சாயங்கால நேரம். வெயிலின் புழுக்கம் அடங்கவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. "முதல்ல போய்க் குளிச்சிட்டு வாம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அக்கா.

குளியலறையில் நீல நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். விளிம்பு வரை தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளியும் குவளையும். நம் வீட்டுத் தொட்டியில் மொண்டு ஊற்றுவது போலவே மொண்டு மொண்டு ஊற்றினேன். தலைக்கும் குளித்தேன். பயணத்தில் கசங்கிய துணிகளையும் அங்கேயே துவைத்து, மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். வெளியே வந்தபோது உடம்பு காற்றாய் இருந்தது.

"நல்லா குளிச்சியாம்மா?" என்று கேட்டார் அக்கா. அவருடைய மருமகள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். இருவரும் அடுப்படிக்குள் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சுவரோரம் பளபளவென்று எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன. எனக்கோ ஒரு தையல் இலை. பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் பாதித் தண்ணீர். கை கழுவ ஒரு சின்னச் சொம்பு. சோறும் குழம்பும் கருவாட்டு வறுவலும் வயிறு நிறையத்தான் போட்டார்கள். ஆனால் என் கண் அந்த இலையிலும் அந்தப் பாதி டம்ளரிலுமே நின்றது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கள் தட்டில் போட்டுக் கொடுக்க இவர்களுக்கு மனமில்லையா? கடல் கடந்து போன கூலிக்காரன் மகள்தானே என்ற எண்ணமா? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு புண் எப்போதுமே உண்டு, வாசகர்களே. யாராவது இலேசாகத் தொட்டால்கூடச் சுரீர் என்று வலிக்கும். பட்டணத்தில் படித்து, உத்தியோகம் பார்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்ட பிறகும் அது ஆறுவதில்லை. பெட்டியில் அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்த புடவையை மறுநாள் கொடுப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்கு என் மனம் குறுகிவிட்டது.

விடியற்காலை நாலு மணி இருக்கும். குடங்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டு எழுந்தேன். வாசற்கதவு திறந்திருந்தது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் அக்காவும் மருமகளும் ஆளுக்கு இரண்டு குடத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

அடுத்த தெருவின் முனையில் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் பக்கத்தில் தண்ணீர் லாரி நின்றது. மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று நூறு குடங்களாவது வரிசையில் இருந்தன. ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பதிலாகக் குடங்கள்தாம் வரிசையில் நின்றன.

"இன்னிக்கு எங்க தெரு முறைதானே? உங்க தெருவுக்கு நேத்துதானே லாரி வந்துச்சு?" என்று ஒரு பெண் அக்காவைக் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. கணக்குக் கேட்டாள்.

அக்கா தயங்கினார். பிறகு, "ஆமாம்மா. மலேசியாவுல இருந்து எங்க பெரியப்பா பொண்ணு வந்திருக்குது. முதல் தடவையா வந்திருக்குது. அதான்..." என்று இழுத்தார்.

இருட்டில் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் லாரி வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். அந்த எட்டுக் குடத்தைத்தான் டிரம்மில் ஊற்றி வைத்திருந்தார்கள். அது ஐந்து பேருக்கு இரண்டு நாள் தண்ணீர். அதில் ஏறக்குறைய ஆறு குடத்தை நான் ஒருத்தியே அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டேன்!

"தங்கச்சி தெரியாமக் கொட்டிட்டா" என்று அக்கா சொல்லவில்லை. "விருந்தாளி வந்திருக்குது" என்று மட்டுமே சொன்னார். அறுபத்தைந்து வயதில், தம் தெருவும் அல்லாத இடத்தில் நின்று, எனக்காகக் கை நீட்டினார்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் குடங்களில் இரண்டை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். "அந்த இடத்துல உங்க குடத்தை வைங்க. வீட்டுக்கு ஆள் வந்தா என்ன பண்றது? எனக்கு இன்னிக்கு ஆறு போதும்" என்றாள்.

அவளுக்கும் எட்டுக் குடம்தான். அவள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். முகம் தெரியாத எனக்காக, அவள் தன் வீட்டுத் தண்ணீரில் கால் பங்கை விட்டுக்கொடுத்தாள்.

என்னால் அதற்கு மேல் ஒளிந்து நிற்க முடியவில்லை. முன்னால் போய், நிரம்பிய குடம் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அட, மலேசியாக்காரங்களுக்குக் குடம் தூக்கத் தெரியுமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். "தோட்டத்தில் பழகிய இடுப்பு அம்மா இது" என்றேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

தோட்டத்தில் வளர்ந்த அன்பர்களே, நம் பழைய பொதுக்குழாயை நீங்கள் மறந்துவிட்டீர்களா? 1960-களில் எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு குழாய். காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம். பெரட்டுக்கு மணி அடிக்குமுன் பிடித்தால்தான் உண்டு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் குறுக்கே கட்டை அடித்த வாளிகள் அங்கேயும் இப்படித்தான் வரிசையில் நிற்கும். ஒரு நாள் காலை, பிள்ளை பெற்றுப் பத்து நாளான பக்கத்து வீட்டு அக்காள் வாளியோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். என் அம்மா ஒன்றும் பேசாமல், நிரம்பியிருந்த தன் வாளியைக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். அன்று பள்ளிக்கூடத்துக்கு நான் முகம் மட்டும் கழுவிக்கொண்டு போனேன். அதற்காக அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் மகள்தான், வீட்டுக்குள் குழாய் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

காலை வெளிச்சம் வந்த பிறகு அந்த வீட்டைப் புதிய கண்ணோடு பார்த்தேன். தையல் இலை எனக்கு மட்டும் போட்டதல்ல, எல்லாருக்குமே இலைதான். தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாததால் இரண்டு மாதமாகத் தட்டுகளை எடுக்கவே இல்லை. குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தத் தண்ணீரில்தான் எனக்கு அந்தப் பாதி டம்ளர். மிச்சம் வைத்தால் வீணாகுமே என்று பாதியாக ஊற்றி, கேட்டால் மறுபடி கொடுப்பார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரத்தின் முதல் அலசல் நடக்கும். அந்த அலசல் தண்ணீர் வாசலில் நின்ற முருங்கைக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்கு. எதிர்வீட்டில் ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் நீருக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒரே ஒரு வேலையோடு தப்பித்துப் போக முடியாது!

அக்காவின் பேரன் கணினி வேலை பார்க்கிறவன். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். அலுவலகத்தில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கோடையில் சென்னையில் பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. சாப்பாட்டுக் கடைகள் சில மதியச் சாப்பாட்டை நிறுத்தின. சில கடைகள் மூடியே கிடந்தன.

இவ்வளவு பெரிய பட்டணத்துக்கு ஏன் இந்தக் கதி என்று நீங்கள் கேட்கலாம். நானும் பேரனிடம் கேட்டேன். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் மழையைப் பார்க்கிறோம். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு. அந்த மூன்று மாதத்தில் வருவதைப் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளில் சேர்த்து வைத்து ஆண்டு முழுவதும் செலவழிக்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாமல், வருடத்துக்கு ஒரு முறை மட்டும் கூலி வாங்கும் குடும்பத்தைப் போன்றது அது. 2018-இல் அந்த மழை பொய்த்தது. 2019 ஜூனில் நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டே போயின. சென்னைக்கு வழக்கமாக நாள் ஒன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்து வந்தார்கள். அந்த நாட்களில் அது 52.5 கோடியாகக் குறைந்துவிட்டது.

இதே நகரம் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாலே ஆண்டில் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊருக்கு! மழை வந்தால் தங்க இடமில்லை என்பதுதான் காரணங்களில் ஒன்று. ஏரியாக இருந்த இடமெல்லாம் வீடாகிவிட்டது. இன்றைய தியாகராய நகர், 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர். அதை ஒட்டிய மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இன்னும் இருக்கிறது. சாலையில் பெயர் மட்டும் மிச்சம், பார்ப்பதற்கு ஏரியைக் காணோம். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்பு எல்லாக் கட்டடங்களிலும் இருக்க வேண்டும் என்று 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் மழை வர வேண்டுமே, வந்த மழையை வாங்கிக்கொள்ள மனிதருக்கும் அக்கறை வேண்டுமே!

சித்தப்பா வீடு கட்டிய புதிதில், வாளியைக் கயிற்றில் இறக்கினால் கிணற்றில் உடனே தண்ணீர் தட்டுமாம். பிறகு தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஒருவர் நூறடி போனால், பக்கத்து வீட்டுக்காரர் இருநூறு அடி போனார். கடைசியில் எல்லாருக்கும் காற்றுத்தான் வந்தது. சித்தப்பாவின் கிணறு பலகைக்கல் போட்டு மூடிக் கிடக்கிறது. அதன்மேல் அக்கா துளசிச் செடி வைத்திருக்கிறார்.

நான் அங்கிருந்தபோதுதான், ஜூலை 12-ஆம் தேதி, தண்ணீர் ரயில் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அக்கா வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கிருந்து குழாய் வழியே கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. தெருவே அதைப் பற்றித்தான் பேசியது. பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான்: குறைத்துக் கொடுத்த 52.5 கோடியிலும்கூட, ஒரு ரயில் தண்ணீர் என்பது நூற்றில் அரைப் பங்குகூட ஆகாதாம். ஆனாலும் அந்த ரயில் வந்ததில் எல்லாருக்கும் ஒரு தைரியம். அக்கா வாசலில் நின்றபடி சொன்னார்: "அந்தக் காலத்துல பஞ்சம் வந்தா மனுஷங்க கப்பலேறிப் போனாங்க, உங்க அப்பா போன மாதிரி. இப்போ நம்மளைத் தேடித் தண்ணி ரயிலேறி வருது."

நான் அங்கே இரண்டு வாரம் இருந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கப் பழகினேன். பிறகு அரை வாளியில். லாரி வரும் நாட்களில் அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மருமகளோடு நானே போனேன். குடம் நிரம்பக் காத்திருந்த அந்த நேரத்தில் நான் கேட்ட கதைகள் எத்தனை! யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, யார் பிள்ளை பரீட்சையில் தேறினான், எந்தக் கடையில் வெங்காயம் மலிவு, எல்லாம் அந்த வரிசையில் கிடைக்கும். முதல் நாள் எனக்கு இரண்டு குடம் விட்டுக்கொடுத்த பெண்ணின் வீட்டைத் தேடிப் போய், பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று கூச்சப்பட்டாள். என்ன கொடுத்தாலும் அந்த இரண்டு குடத்துக்கு ஈடாகாது என்று எனக்குத்தான் தெரியும்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, புடவையை அக்கா கையில் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். "அக்கா, முதல் நாள் இலையில் சோறு போட்டீர்களே, என்னைக் கேவலமாக நினைத்துவிட்டீர்கள் என்று ராத்திரியெல்லாம் அழுதேன்" என்றேன்.

அக்கா திகைத்துப் போனார். பிறகு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "நாங்களும் அன்னிக்கு ராத்திரி தூங்கலைம்மா. இலையைப் பார்த்துட்டு நீ என்ன நினைச்சுக்குவியோன்னு மருமக ஒரே புலம்பல். தண்ணி இல்லைன்னு வந்த அன்னிக்கே உன்கிட்ட எப்படிச் சொல்றது? எங்க அப்பா இருந்திருந்தா, அண்ணன் மகளுக்கு ஊத்தத் தண்ணி இல்லையான்னு எங்களைத்தான் திட்டியிருப்பாரு."

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பெண்கள் ஒரே இரவில் தூங்காமல் கிடந்திருக்கிறோம். அவர்கள் ஏழைகள் என்று நான் எண்ணிவிடக் கூடாதே என்று அவர்களுக்குப் பயம். நான் தோட்டத்துக்காரி என்று அவர்கள் எண்ணிவிட்டார்களே என்று எனக்குக் கோபம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கிள்ளானுக்குத் திரும்பிய மறுநாள் காலை, என் பேத்தி குழாயைத் திறந்துவிட்டபடியே பல் துலக்கிக்கொண்டிருந்தாள். போய் மூடினேன். "பாட்டி, நம் ஊரில்தான் தண்ணீர் நிறைய இருக்கிறதே!" என்றாள். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கு முறை வைத்து விட்டதையும், 2014-இல் சிலாங்கூரில் மறுபடி வாளி தூக்கியதையும் அவளுக்குச் சொன்னேன். பிறகு அந்த இரண்டு குடத்தின் கதையையும் சொன்னேன். முன்னது அவளுக்குப் பாடமாகத் தோன்றியது போலும், கொட்டாவி விட்டாள். பின்னதைச் சொன்னபோது, "அந்த ஆண்ட்டி வீட்டில் அன்றைக்கு யார் குளிக்கவில்லை பாட்டி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்கத் தெரிந்ததே போதும் என்று எனக்குப் பட்டது.

அன்பர்களே, நீங்கள் சென்னைக்கோ வேறு ஊருக்கோ சொந்தம் தேடிப் போகும்போது புடவையும் மிட்டாயும் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போனதும் குளியலறைக்குள் நுழையுமுன், "எவ்வளவு தண்ணீர் புழங்கலாம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அது நம் சொந்த வீடுதானே! அவர்கள் இலையில் சோறு போட்டால், அந்த இலைக்குப் பின்னால் என்ன கஷ்டம் இருக்கிறது என்று பாருங்கள். நம் பெரியவர்கள் ஒரே குழாயில் வாளி வைத்து வாழ்ந்தவர்கள். அந்தக் கணக்கு நமக்குப் புரியாமல் போகாது.

இப்போதெல்லாம் மாதம் ஒரு முறையாவது அக்காவோடு தொலைபேசியில் பேசுகிறேன். "சௌக்கியமா?" என்று நான் கேட்பதில்லை. "தண்ணி வருதா அக்கா?" என்றுதான் கேட்கிறேன். அவர் "வருதும்மா" என்று சொன்னால், எனக்கு மற்றதெல்லாம் சௌக்கியம் என்றே பொருள்.